மனநல ஆதரவுக் குழு பலன் தருகிறதா, எதனால் தருகிறது? அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநோயோடு வாழ்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் மாதம் ஒருமுறையோ இருமுறையோ கூடி உட்கார்ந்து பேசும் குழுக்கள் சிலவற்றுக்குப் பதிவேடு எழுதவும் கேள்விகள் தயாரிக்கவும் பதினோரு ஆண்டுகளாக உதவி வருகிறேன். பள்ளிக்கூட வகுப்பறை, நூலக மாடி, பஞ்சாயத்து அலுவலகத் தாழ்வாரம் என்று இடம் எதுவானாலும், கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் ஒருங்கிணைப்பாளர்கள் கேட்கும் சந்தேகங்கள் மட்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஆதரவுக் குழு என்பது சிகிச்சையா? டாக்டரே இல்லாமல் நடக்கும் கூட்டத்தை எதற்காக அளக்க வேண்டும்?

சிகிச்சை அல்ல. மருத்துவர், மாத்திரை, ஆலோசனை ஆகியவற்றின் இடத்தைக் குழு பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. ஒரே வகையான பாரத்தைச் சுமப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதுதான் அதன் வேலை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கிய பிறகு மாத்திரை கிடைக்கும் இடங்கள் கூடியிருக்கின்றன. ஆனால் ஒரு மாத மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு அடுத்த சீட்டுக்கு முன் முப்பது நாள் இருக்கிறது. அந்த முப்பது நாளில்தான் குழுவுக்கு வேலை.

அளக்க வேண்டிய காரணம் எளியது. ஒரு கூட்டத்துக்கு வர ஒரு நாள் கூலியை விடுகிறார்கள், இரண்டு பஸ் மாறுகிறார்கள், வீட்டில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டாரிடம் கெஞ்சுகிறார்கள். அவ்வளவு கொடுத்து வருகிறவர்களுக்குத் திரும்பக் கிடைப்பது என்ன என்று தெரிந்துவைத்திருப்பது நம் கடமை.

"கூட்டத்துக்கு வந்தால் மனசு லேசாகிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது போதாதா?

அது உண்மையான சொல்தான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் வந்திருப்பவர்கள் மட்டுமே. மனசு லேசாகாதவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை, அவர்கள் குரல் நமக்குக் கேட்பதும் இல்லை. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று, கூட்டம் முடியும் மாலையில் லேசாக இருக்கும் மனம் மறுநாள் காலை அடுப்படியில் எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. எனவே கூட்டம் முடிந்த கையோடு கேட்காதீர்கள். ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள்.

வருகைப் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது. அதுவே ஓர் அளவுதானே?

அளவுதான், ஆனால் நாம் அதைத் தவறாகப் படிக்கிறோம். "இந்த மாதம் 17 பேர்" என்று கீழே கூட்டிப்போட்ட எண்ணால் பெரிய பயன் இல்லை. பதிவேட்டைக் குறுக்கே படியுங்கள். ஒரே ஆள் தொடர்ந்து எத்தனை கூட்டம் வந்தார், முதல் முறை வந்தவர் இரண்டாம் முறை வந்தாரா, இரண்டு மாதம் விட்டவர் திரும்பி வந்தாரா என்று பாருங்கள். முதல் கூட்டத்துக்கும் இரண்டாம் கூட்டத்துக்கும் நடுவில்தான் நாம் அதிகம் பேரை இழக்கிறோம். என் அனுபவத்தில், புதிதாக வந்தவரிடம் அன்றைக்கு யாராவது பெயரைச் சொல்லிப் பேசியிருந்தால் அவர் பெரும்பாலும் திரும்பி வருகிறார். ஆகவே நான் பதிவேட்டில் ஒரு கட்டத்தைச் சேர்த்தேன்: புதியவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் யார்?

பி.எச்.க்யூ-9 என்கிறார்களே, அது என்ன? அதைக் கொடுத்தாலே போதுமா?

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விகள் அவை, 2001-இல் வெளிவந்தன. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, ஈடுபாடு போன்றவை எப்படி இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனித்தாக வேண்டும் என்று பொருள். இது நோயை முடிவு செய்யும் கருவி அல்ல. மருத்துவரிடம் அனுப்பலாமா என்று காட்டும் கருவி, மாற்றத்தைக் கவனிக்கவும் உதவும்.

ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ஒருவர் "ஆம்" என்றால் அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே முடிவெடுக்காமல் இந்தத் தாளை யார் கையிலும் கொடுக்காதீர்கள். யார் அவரோடு உட்காருவார், எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, வீட்டில் யாரிடம் சொல்ல அவர் சம்மதிக்கிறார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. அதைத் தாளின் தலையிலேயே அச்சிட்டுவிடுங்கள். மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டு, அந்த ஒன்பதாவது வரியைக் கவனிக்காமல் கோப்பில் வைத்துக் கட்டிய தாள்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட அளக்காமலே இருந்திருக்கலாம்.

தமிழில் இருந்தாலும் கேள்விகள் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புரியவில்லை. மாற்றிக் கேட்கலாமா?

புரியாதது அவர்கள் குற்றம் அல்ல. "வேலைகளைச் செய்வதில் ஆர்வம் குறைந்துள்ளதா?" என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "ஆர்வம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மாட்டுக்குத் தண்ணீர் காட்டித்தானே ஆக வேண்டும்" என்றார். பூஜ்ஜியம் போடுவதா, மூன்று போடுவதா? அதே அம்மாவிடம், முன்பு எதைச் செய்யும்போது பாட்டு முணுமுணுப்பீர்கள் என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. பூ கட்டும்போதாம். அதைத் தொட்டே இரண்டு வருடம் ஆகிறதாம்.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய 'நட்பு பெஞ்சு' திட்டத்தில், சுகாதார நிலைய வளாகத்து மரபெஞ்சில் உட்கார்ந்து பயிற்சி பெற்ற பாட்டிமார் மக்களின் குறையைக் கேட்கிறார்கள். 'மனச்சோர்வு' என்ற சொல் அங்கே பேச்சில் வருவதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அளக்கும் வினாத்தாளும் அந்த மொழி பேசுவோரிடமிருந்தே எடுத்த 14 கேள்விகள். நம் ஊரிலும் "ஒரே யோசனையாக இருக்கிறது", "நெஞ்சு கனக்கிறது", "கை கால் ஓய்ந்துபோகிறது" என்றுதானே சொல்கிறார்கள்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. மதிப்பெண் உள்ள கேள்வியின் சொற்களை ஆளாளுக்கு மாற்றினால், பத்து என்ற அந்த எல்லைக்கோடு செல்லாது. புரியாத இடத்தில் எல்லோருக்கும் ஒரே விளக்கத்தைச் சொல்லுங்கள், அதையும் எழுதிவையுங்கள். உங்கள் ஊர்ச் சொல்லில் கேட்க விரும்பும் கேள்விகளைத் தனியாகக் கடைசியில் சேருங்கள்.

குழுவை நடத்துவது நான்தான். நானே கேட்டால் என்ன?

உங்கள் மனம் நோகக் கூடாது என்று அவர்கள் பொய் சொல்வார்கள். அன்பினால் சொல்லும் பொய். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, பஸ் செலவும் கொடுத்த ஆளிடம் "ஒன்றும் மாறவில்லை" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பக்கத்துக் குழுவின் ஒருங்கிணைப்பாளரை வரச்சொல்லுங்கள், அவர் குழுவில் நீங்கள் போய்க் கேளுங்கள். எல்லோர் நடுவிலும் கேட்கக் கூடாது. தனியாக, காதில் விழாத தூரத்தில் கேளுங்கள். எழுதத் தெரிந்தவருக்கும் வாயால் கேட்டால் எல்லோருக்கும் ஒரே முறையில் கேட்டதாகும்.

மூன்றாம் மாதம் கேட்டபோது மதிப்பெண் கூடிவிட்டது. குழுவால் கெடுதலா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் நாள் முன்பின் தெரியாதவரிடம் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னவர், மூன்று மாதம் பழகிய பிறகு உள்ளதைச் சொல்கிறார். அப்போது கூடியிருப்பது நோய் அல்ல, நம்பிக்கை. ஒரு குழுவில் ஏறக்குறைய எல்லோருக்கும் இப்படி ஏறியபோது நானே கலங்கிப்போனேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "முதல் நாள் சொன்னபோது உண்மையில் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டோம். பாதிப்பேர் அன்றைக்கு மறைத்ததை ஒப்புக்கொண்டார்கள்.

இதனால்தான் ஒரு தொடக்க அளவு போதாது என்கிறேன். முதல் கூட்டத்தில் ஒன்று, மூன்று வாரம் கழித்து ஒன்று எடுத்து, இரண்டாவதைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் மதிப்பெண் பாதியாகக் குறைந்திருக்கிறது. குழுவால்தான் என்று சொல்லலாமா?

அப்படிச் சொல்ல முடியாது. உகாண்டாவின் தென்மேற்கில் ரக்காய், மசாக்கா மாவட்டங்களில் 30 கிராமங்களில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் 16 வாரம் குழுக்களை நடத்தினார்கள். குழு நடந்த கிராமங்களில் மனச்சோர்வின் வரையறைக்குள் வந்தவர்கள் 86 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைந்தார்கள். மிகப் பெரிய பலன். ஆனால் குழுவே நடக்காத கிராமங்களைப் பாருங்கள்: 94-இலிருந்து 54.7. யாரும் எதுவும் செய்யாமலே அவ்வளவு இறங்கியிருக்கிறது.

காரணம் இருக்கிறது. மனிதர்கள் உதவி தேடி வருவது மிக மோசமான நாளில். அந்த நாளுக்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். மழை பெய்திருக்கும், கடன் அடைந்திருக்கும், மகன் ஊர் திரும்பியிருப்பான். அந்த இறக்கத்தையும் நம் கணக்கில் எழுதிக்கொண்டால் அது பிறர் காசை நம் பையில் போடுவது. குழு உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாடுதான் குழுவின் பங்கு.

ஒப்பிட வேண்டும் என்றால் சிலருக்கு உதவியை மறுக்க வேண்டுமே. அது பாவம் இல்லையா?

மறுத்தால் பாவம்தான். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே ஒருங்கிணைப்பாளர், காத்திருப்பது நான்கு ஊர் என்றால், எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்க எப்படியும் முடியாது. எந்த ஊர் முதலில் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். நான்கு ஊரிலும் ஒரே நாளில் கேள்விகளைக் கேளுங்கள். பின்னால் தொடங்கும் ஊர் முன்னால் தொடங்கிய ஊருக்கு ஒப்பீடாக நிற்கும், கடைசியில் எல்லோருக்கும் குழு கிடைத்துவிடும். தலைவருக்கு வேண்டிய ஊர் முதலில் என்பதைவிடச் சீட்டு நியாயமானது என்று ஊர்க்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். காத்திருக்கும் ஊரிலும் ஒருவர் ஆபத்தான நிலையில் இருந்தால் அவருக்கு அன்றே உதவி. அதில் சீட்டுக்கு இடமில்லை.

பாதியில் நின்றுவிட்டவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஒரு குழுவில் 14 பேர் தொடங்கினார்கள். ஆறாம் மாதம் 9 பேர் இருந்தார்கள். அந்த ஒன்பது பேரின் சராசரி நன்றாக இறங்கியிருந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு விடுபட்ட ஐந்து பேர் வீட்டுக்கும் போனேன். இரண்டு பேருக்கு வேலை கிடைத்திருந்தது, சனிக்கிழமை வர முடியவில்லை. அவர்கள் தேறியவர்கள், ஆனால் நம் கணக்கில் இழப்பு. ஒருவர் மகளோடு திருப்பூர் போய்விட்டார். ஒருவருக்கு மூன்று மணி பஸ் நின்றுபோயிருந்தது. ஐந்தாவது வீட்டில் அந்தப் பெண் கதவை முழுதாகத் திறக்கவில்லை. நிலைப்படியில் நின்றபடியே சொன்னார்: கூட்டத்தில் அவர் அழுதுகொண்டே சொன்ன விஷயம் மறுவாரமே அவர் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மாமியார் காதுக்கும் போய்விட்டது.

ஆறு மாதப் பதிவேட்டில் அந்த வரி எங்கும் இல்லை. குழுவைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய மிக முக்கியமான செய்தி, குழுவில் இல்லாத ஒருவரிடம் இருந்தது.

நட்பு பெஞ்சு பற்றி 2016-இல் வெளியான ஆய்வில், சேர்ந்த 573 பேரில் 521 பேரை ஆறு மாதம் கழித்தும் தேடிப் பிடித்துக் கேட்டிருந்தார்கள். முடிவை நம்ப அதுவே எனக்குப் பாதிக் காரணம். நம்மால் முடிந்தது: தொடங்கிய நாளன்று இருந்த எல்லோரையும் கடைசிவரை கணக்கில் வையுங்கள். வராதவர்கள் எத்தனை பேர், ஏன் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தேடிப் போகும்போது "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், அது விசாரணை. "நாங்கள் எதை மாற்றலாம்?" என்று கேளுங்கள்.

மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் குழுவுக்கு மனச்சோர்வு வினாத்தாள் பொருந்துமா?

அது மட்டும் பொருந்தாது. அவர்கள் அன்றாட வாழ்வில் என்ன செய்ய முடிகிறது என்று பாருங்கள். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் உருவாக்கிய 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் நான்கைப் பார்க்கிறது: தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படுவதும் அதுதான் என்பதால் பல குடும்பங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். இங்கே சான்றிதழுக்காக அளக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உதவித்தொகை போய்விடுமோ என்ற பயத்தில் உள்ளதைக் கூட்டிச் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது.

தமிழ்நாட்டின் ஊரகப் பகுதி, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சென்னையில் 1984 முதல் இயங்கும் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும் அதில் பங்கேற்றது. ஒரு பகுதியினருக்கு மருத்துவத்தோடு களப்பணியாளர்கள் வீடு தேடிப் போயும் உதவினார்கள், மற்றவர்களுக்கு மருத்துவம் மட்டும். ஓராண்டு முடிவில் மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது நோய்க்குறிகளில் தெளிவான வேறுபாடு இல்லை, ஆனால் அன்றாடச் செயல்பாட்டில் இருந்தது. தமிழ்நாட்டு ஊர்களில் மட்டும் நோய்க்குறியிலும் குறைவு தெரிந்தது. நோய்க்குறியை மட்டும் கேட்டு, அதிலும் மூன்றையும் சேர்த்த கணக்கை மட்டும் பார்த்திருந்தால், பலன் கண்ணில் பட்டிருக்காது.

முன்பு சொன்ன உகாண்டா ஆய்வில் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பெண் தன்னையும் வீட்டையும் ஊரையும் கவனிக்க என்னென்ன செய்வாள், ஓர் ஆண் என்னென்ன செய்வான் என்று ஊர்மக்களையே கேட்டுத் தனித்தனிப் பட்டியல் எடுத்து, அதையே அளவுகோலாக்கினார்கள். நம் ஊரில் கேட்டால் ரேஷன் கடைக்குத் தனியாகப் போய் வருவது, மொய் எழுதப் போவது, பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவது என்று வரும்.

பார்த்துக்கொள்கிற அம்மா அப்பாவிடம் என்ன கேட்பது?

அவர்களுக்குத் தனித் தாள் வேண்டும். நோயுள்ளவரின் நிலையையும் பார்த்துக்கொள்பவரின் பாரத்தையும் ஒரே எண்ணில் கலக்காதீர்கள். இந்தியக் குடும்பங்களுக்கென்றே ஸ்கார்ஃப் மருத்துவர்கள் உருவாக்கிய பராமரிப்புச் சுமை அளவுகோல் 1998 முதல் இருக்கிறது.

அதோடு ஒரு திறந்த கேள்வி: "இந்த நோயால் நீங்கள் செய்யாமல் விட்டது, மறுபடி செய்ய விரும்புவது எது?" ஓர் அம்மாவின் சுமை மதிப்பெண் எட்டு மாதமாக அசையவில்லை. அவர் சொன்ன ஆசை, தங்கை மகளின் வளைகாப்புக்குப் போய்வருவது. ஆறு வருடமாக எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. ஒன்பதாம் மாதம் போனார். குழுவில் இருந்த இன்னோர் அம்மா காலையிலிருந்து மாலைவரை அவர் மகனோடு வீட்டில் இருந்து கேரம் ஆடியிருக்கிறார். அந்தத் தாளில் அன்றைக்கும் மதிப்பெண் அதேதான். வளைகாப்பு வளையல் இரண்டு மட்டும் கையில் கூடியிருந்தது.

சரி, பலன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் மிகக் கடினமான கேள்வி. நட்பு பெஞ்சையே எடுத்துக்கொள்வோம். ஹராரேயில் 24 சுகாதார நிலையங்களில் நடந்த அந்த ஆய்வில் ஆறு மாதம் கழித்து சராசரி மதிப்பெண், வழக்கமான உதவி பெற்றவர்களுக்கு 8.90, பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு 3.81. பெஞ்சில் ஆறு முறை தனியாகப் பேசிய பிறகு, விரும்பியவர்கள் ஒரு வட்டக் குழுவில் சேர்ந்து பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். பலன் தந்தது பாட்டியின் பெஞ்சா, பை பின்னிய வட்டமா? இரண்டும் சேர்ந்தே கிடைத்ததால் அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

குடிநோயாளிகளுக்காக 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற, பிரார்த்தனைக்கும் இடமுள்ள ஆதரவுக் குழு அமைப்பு இதில் நமக்கு வழிகாட்டும். 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கி 2020-இல் வந்த தொகுப்பு, குடியை அடியோடு நிறுத்துவதில் அது பயன் தருகிறது என்று காட்டியது. எந்த வழியாக என்று தேடியவர்களுக்குக் கிடைத்த முக்கியமான விடை பலர் எதிர்பார்க்காதது: பிரார்த்தனையைவிட, கூட யார் இருக்கிறார்கள் என்பது மாறியதுதான் பெரிய பங்கு. குடிக்கிற சகவாசம் குறைந்து, குடிக்காத சகவாசம் கூடியது. குடிக்காமல் இருக்க முடியும் என்ற உறுதியும் வளர்ந்தது.

நாம் செய்யக்கூடியது இது. குழு தொடங்கும் முன்பே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இந்தக் குழு பலன் தந்தால், அது இந்த வழியாகத்தான் தரும்." தனிமை குறைவதா, மாத்திரை விடாமல் இருப்பதா, நோயைப் பற்றிய அவமானம் குறைவதா என்று தேர்ந்தெடுத்து, அந்த ஒன்றையும் அளங்கள். எது முதலில் மாறுகிறது என்று பாருங்கள். இரண்டாம் மாதம் நட்பு கூடி, நான்காம் மாதம் தூக்கம் வந்தால் உங்கள் ஊகத்துக்கு வலு. தூக்கம் வந்த பிறகுதான் நட்பு கூடியது என்றால், தேறியவர்கள் கலகலப்பாகிறார்கள், அவ்வளவுதான். நான் எல்லாக் குழுவிலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ராத்திரி பதினொரு மணிக்கு மனம் தாங்கவில்லை என்றால் யாருக்கு போன் செய்வீர்கள்?" பெயர்களை எண்ணுங்கள். அதில் குழுவில் உள்ளவர் எத்தனை பேர் என்று குறியுங்கள். கூட்டத்துக்கு உள்ளே நடப்பதைவிட, இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் நடப்பதுதான் வேலை செய்கிறது என்ற என் நம்பிக்கை அந்தக் கேள்விக்கு வந்த பதில்களால் வளர்ந்தது.

நடத்துபவரின் திறமையை அளக்க முடியுமா? அவர் மனம் புண்படாதா?

முடியும். நேபாளத்தில் உருவாகி 2015-இல் வெளிவந்த 'எனாக்ட்' என்ற 18 அம்சப் பட்டியல், மருத்துவர் அல்லாதவர்கள் கேட்கும் விதம், பரிவு, ரகசியம் காப்பதை விளக்குவது போன்றவற்றைப் பார்க்கிறது. ஒருவர் துயரத்தோடு வந்தவராக நடிப்பார், நடத்துபவர் அவரோடு பேசுவார், மூன்றாமவர் குறிப்பார்.

அவ்வளவு வசதி இல்லையென்றால் ஒரு தாளில் வட்டம் போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் புள்ளியாக வையுங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று அரை மணி நேரம் கோடு இழுங்கள். எல்லாக் கோடும் நடத்துபவரிடமே போய்ச் சேர்ந்தால் அது குழு அல்ல, வகுப்பு. இதை முதலில் என் கூட்டத்துக்கே போட்டுப் பார்த்தேன். சக்கரத்தின் ஆரங்கள் போல எல்லாம் என்னிடம் வந்து நின்றன. அந்தத் தாளை மற்றவர்களிடம் காட்டிய பிறகு யாரும் புண்படவில்லை.

எட்டுப் பேர் உள்ள குழுவில் சராசரி, சதவீதம் எல்லாம் பொருள் தருமா?

தராது. எட்டுப் பேரில் ஒருவர் மாறினாலே 12.5 சதவீதம் ஆகிவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வரையுங்கள், மாதம் ஒரு புள்ளி. பி.எச்.க்யூ-9 என்றால் ஐந்து மதிப்பெண் மாற்றத்தைப் பொதுவாகப் பொருட்படுத்துகிறார்கள். அதற்குக் குறைந்த ஏற்ற இறக்கத்துக்குப் பதற வேண்டாம்.

நிதி தருபவர் "எத்தனை சதவீதம் குணம்?" என்று கேட்கிறார். என்ன எழுதுவது?

உள்ளதை எழுதுங்கள்: தொடங்கியவர்கள் இத்தனை, இப்போது வருபவர்கள் இத்தனை, விட்டவர்கள் இன்ன காரணத்துக்காக விட்டார்கள், தேறியவர், மாறாதவர், மோசமானவர் இத்தனை இத்தனை பேர், ஒப்பிட வேறு குழு இல்லாததால் முழுவதும் எங்கள் குழுவால் என்று சொல்ல முடியாது. இப்படி எழுதினால் பணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். ஒருமுறை நின்றது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் இன்னொருவர், விட்டவர்களைத் தேடிப் போகும் பஸ் செலவுக்கென்றே தனியாகக் கொடுத்தார்.

பெயர், நோய் விவரம் எல்லாம் எழுதுகிறோம். வெளியே போனால்?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு நோயுள்ளவரின் விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. தாளில் எண் மட்டும் போடுங்கள். எண்ணுக்கு உரிய பெயர் தனி நோட்டில், வேறிடத்தில், பூட்டுக்குள் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் தாளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். பதில் சொல்ல விரும்பாதவரும் குழுவில் இருக்கலாம் என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குழுவால் கெடுதலும் வருமா? அதையும் எழுத வேண்டுமா?

வரும், கட்டாயம் எழுத வேண்டும். தெருவுக்குப் போன ரகசியத்தை மேலே சொன்னேன். "என் மகன் மாத்திரையை நிறுத்தினான், நன்றாகத்தான் இருக்கிறான்" என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு இன்னொருவர் நிறுத்துவது, ஒருவர் கதையைக் கேட்டு மற்றவருக்கு இரவெல்லாம் தூக்கம் போவது ஆகியவையும் நடக்கின்றன. ஒவ்வொரு முறையும், "போன கூட்டத்துக்குப் பிறகு ஏதாவது உங்களைத் தொந்தரவு செய்ததா?" என்று தனியாகக் கேட்டுக் குறித்துவையுங்கள்.

இவ்வளவும் செய்ய எங்களிடம் ஆள் இல்லை. குறைந்தபட்சம் எது?

குறுக்கே படிக்கும் வருகைப் பதிவேடு, பதினொரு மணி போன் கேள்வி, அவரவர் சொன்ன ஓர் ஆசை, விட்டவர் வீட்டுக்கு ஒரு நடை. ஒரு நாற்பது பக்க நோட்டில் அடங்கிவிடும். பி.எச்.க்யூ-9 மருத்துவரோ ஆலோசகரோ துணைக்கு இருந்தால் மட்டும்.

அளந்து பார்த்துப் பலன் இல்லை என்று தெரிந்தால் குழுவை மூடிவிட வேண்டுமா?

முதலில் யாருக்குப் பலன் இல்லை என்று பிரித்துப் பாருங்கள். ஒரு குழுவில் ஒரு வருடம் எந்த அளவும் நகரவில்லை. ஆளுக்கொரு கோடு வரைந்து தரையில் பரப்பியபோது, அப்பாமார்களின் கோடுகள் மட்டும் படுத்துக்கிடந்தன. அம்மாமார் பேசும்போது அவர்கள் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார்கள், வட்டத் தாளில் அவர்களிடமிருந்து ஒரு கோடும் இல்லை. கேட்டபோது ஒருவர், "பெண்டுகள் முன்னால் எப்படிம்மா அழுவது?" என்றார்.

அவர்களுக்குத் தனியாக, மாலை ஆறு மணிக்கு, டீக்கடைக்குப் பின்னால் உள்ள களத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். முதல் மாதம் நான்கு பேர் வந்தார்கள். பதினொரு மணி போன் கேள்விக்கு நான்கு பேரும் "யாருமில்லை" என்றார்கள். ஐந்தாம் மாதம் அதே கேள்விக்கு, மூன்று பேர் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான்காமவர் மட்டும் இன்னும் "யாருமில்லை" என்கிறார். அவரிடம் அடுத்த மாதமும் கேட்பேன்.